நோட்டீஸ் அனுப்புவது மட்டுமா வேலை? கடன் நிறுவனத்தின் சட்டப் பிரிவைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

இரு சக்கர வாகனத்துக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இதைச் சொன்னால் இரண்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஒன்று, "வண்டியைத் தூக்குறது உங்க டிபார்ட்மென்ட்தானா?" இன்னொன்று, "அப்ப கோர்ட்ல நீங்கதான் வாதாடுவீங்களா?" இரண்டுமே இல்லை. வண்டியை எடுப்பது வசூல் பிரிவு. கோர்ட்டில் நிற்பது வெளி வக்கீல்.

அப்படியானால் நடுவில் நாங்கள் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் நிறைய பேர் கஷ்டப்படுகிறார்கள். லீகல் நோட்டீஸ் என்றாலே ஜெயில் என்று பயந்து, கடன் வாங்கி அதை அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, செக் வழக்கில் போய் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சட்டக் கல்லூரி முடித்து எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளும் நோட்டீஸ் டிராஃப்ட் செய்வதுதான் வேலை என்று நினைத்தே வருகிறார்கள். அதனால் அடியிலிருந்து சொல்கிறேன்.

## கைமாற்றிலிருந்து தொடங்குவோம்

பக்கத்து வீட்டுக்காரர் 5,000 ரூபாய் கைமாற்று கேட்கிறார். கொடுக்கிறீர்கள். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அவருக்குச் சம்பளம் வரும் தேதி உங்களுக்குத் தெரியும். தராவிட்டால் நாளைக் காலையில் பால் வாங்கும்போது முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அந்தக் கடனைக் காப்பாற்றுவது பழக்கம்.

தொகை ஒரு லட்சம், கேட்பவர் மச்சானின் நண்பர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது புரோநோட்டு வருகிறது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து, வட்டி எவ்வளவு, எப்போது திருப்புவார், யார் ஜாமீன் என்றெல்லாம் கேள்வி வருகிறது. பழக்கம் குறைந்த இடத்தில் காகிதம் வந்து உட்காருகிறது.

அடுத்து, மாதத்துக்குப் பல ஆயிரம் பேருக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம். கடன் கேட்பவர் திண்டிவனத்தில் ஒரு ஷோரூமில் உட்கார்ந்திருக்கிறார். கொடுக்கலாமா என்று முடிவு செய்வது சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள். பணம் போவது டீலரின் கணக்குக்கு. டியூ தவறினால் வீட்டுக்கு வருவது ஏதோ ஒரு ஏஜென்சியின் ஆள். இதில் யாருக்கும் யாரையும் தெரியாது. பழக்கம் சுத்தமாக இல்லாத அந்த இடத்தை முழுக்க எழுத்தும் விதியும்தான் நிரப்ப வேண்டும். அந்த எழுத்து நேர்மையாக இருக்கிறதா, அந்த விதி தெருவில் நிற்கும் ஆள் வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் சட்டப் பிரிவின் வேலை.

இரண்டு சொற்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் கடன் என்பது தனிமனிதர் தன் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ வாங்கும் கடன்: பைக், ஃபிரிட்ஜ், செல்போன், மருத்துவச் செலவு. என்.பி.எஃப்.சி. என்பது வங்கி அல்லாத நிதி நிறுவனம். கடன் கொடுக்கும், ஆனால் வங்கியைப் போல சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ தொடங்கித் தர முடியாது. 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்றால்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிய தொழிலும் இல்லை. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-லும் சோழமண்டலம் 1978-லும் சென்னையில் தொடங்கியவை. நம் ஊரில் லாரி வாங்கியவர்களுக்கு 'டியூ' என்ற சொல் மூன்று தலைமுறைப் பழக்கம்.

## உள்ளே இருக்கும் வக்கீலும் வெளியே இருக்கும் வக்கீலும்

பஸ் டிப்போவில் இரண்டு வகை மெக்கானிக்குகள் உண்டு. பஸ் நடுரோட்டில் நின்றபிறகு வேனில் போய்ச் சரிசெய்பவர் ஒருவர். விடியற்காலையில் பஸ் கிளம்பும் முன் பிரேக்கையும் டயரையும் தட்டிப் பார்ப்பவர் இன்னொருவர். பயணிகள் கண்ணில் படுவது முதல் ஆள்தான். ஆனால் எத்தனை பஸ் நடுரோட்டில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது ஆள்.

வெளி வக்கீல் முதல் வகை. நிறுவனத்துக்குள்ளேயே சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலர் இரண்டாவது வகை. இந்தியாவில் இந்தப் பிரிவினை விதியாகவே இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-வது விதிப்படி, முழு நேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் அதே காலத்தில் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்ததும் நானும் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து என் பதிவை நிறுத்தி வைத்தேன். அதனால் வழக்கு என்று வந்தால் ஊருக்கு ஒரு வெளி வக்கீலை நியமித்து, அவருக்கு வேண்டிய ஆவணங்களைக் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும், எங்கே சமாதானமாகப் போகலாம் என்று பேசி முடிவெடுப்பதுதான் எங்கள் பங்கு.

பக்கத்து அறையில் கம்ப்ளையன்ஸ் என்று இன்னொரு பிரிவு உண்டு. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி பெரிய, நடுத்தர என்.பி.எஃப்.சி.-க்கள் இதற்கென்று தனி தலைமை அதிகாரி வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யலாமா, எப்படிச் செய்யலாம் என்று சொல்வது சட்டப் பிரிவு. செய்யச் சொன்னதைச் செய்தோமா என்று சோதிப்பது கம்ப்ளையன்ஸ்.

சரி, ஆக சட்டப் பிரிவு கோர்ட்டு வேலைக்கானது இல்லை, கோர்ட்டுக்கு முன்னால் நடக்கும் வேலைக்கானது. அது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம்.

## காகிதம் எழுதும் இடம்

புது வேலையில் ஆறு மாதம் ஆனபோது, நாங்கள் எழுதும் ஒப்பந்தம் எப்படிக் கையெழுத்தாகிறது என்று பார்க்க ஒரு ஷோரூமில் அரை நாள் உட்கார்ந்தேன். மகனுக்கு பைக் வாங்க ஒரு அம்மா வந்திருந்தார். ஃபைனான்ஸ் பையன் காகிதக் கட்டை எடுத்து, கையெழுத்து போடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று வேகமாகப் புரட்டினான். நடுவில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். "எல்லாருக்கும் இதே ஃபார்ம்தாம்மா" என்றான். அந்தப் பக்கம் ஜாமீன் பத்திரம். மகன் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் தானே கட்டுவதாக அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். 'சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அதை நான் எடுத்துச் சொன்னேன். ஆனால் நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு அம்மாவுக்கு யார் சொல்வது? அதனால்தான் எழுத்து அதன் வேலையைத் தானே செய்ய வேண்டும். ஜாமீன் பத்திரத்தின் மேலே, கொட்டை எழுத்தில், தமிழில், "கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும்" என்று ஒரே ஒரு வரி சேர்க்க இரண்டு மாதம் பேச வேண்டியிருந்தது. அது வந்ததில் எனக்கு உள்ளபடியே நிம்மதி.

கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஆவணம் இருக்க வேண்டும் என்பது எங்கள் பெருந்தன்மை இல்லை, ரிசர்வ் வங்கியின் நியாயமான நடைமுறை விதிகளிலேயே இருப்பது. அதைவிட முக்கியமான ஒன்று, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது: கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட். கடனின் முக்கிய விவரங்களையெல்லாம் ஒரே இடத்தில், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவத்தில், கையெழுத்துக்கு முன்பே தர வேண்டிய தாள் அது. ஏழு நாளோ அதற்கு மேலோ கொண்ட கடன் என்றால், அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வரலாம். அந்தத் தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் கேட்க முடியாது.

அந்தத் தாளில் ஏ.பி.ஆர். என்று ஓர் எண் இருக்கும். வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, கடன் உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு செலவாகிறது என்பதுதான் அது. இந்த எண் ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

80,000 ரூபாய் கடன், 24 மாதம், வாயால் சொன்ன வட்டி '12 பர்சென்ட்'. வருஷத்துக்கு 9,600, இரண்டு வருஷத்துக்கு 19,200. அசலும் வட்டியும் சேர்த்து 99,200. 24-ஆல் வகுத்தால் மாத டியூ சுமார் 4,133 ரூபாய். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் போடப்படுகிறது. இதற்குத்தான் ஃபிளாட் வட்டி என்று பெயர். குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அதே வட்டி சுமார் 21.6 விழுக்காடு. பிராசசிங் கட்டணம் 2,400 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 77,600 மட்டும் தந்தால், ஏ.பி.ஆர். 25-ஐத் தொட்டுவிடும். 12 என்று கேட்டவருக்கு 25 என்று எழுதிக் காட்டுவது விற்பனைப் பிரிவுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் அந்த எண் அங்கே இருக்க வேண்டும்.

காகித வேலையில் இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று முத்திரைத் தீர்வை. உரிய மதிப்புக்கு ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தை, கட்டாமல் விட்ட மீதித் தீர்வையையும் அபராதத்தையும் கட்டாமல் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இது வேறுபடும் என்பதால் இதற்கென்றே எங்களிடம் ஒருவர் இருக்கிறார். இன்னொன்று ஹைப்பாதிகேஷன். நகையை அடகு வைத்தால் நகை கடைக்குப் போய்விடும். வண்டிக் கடனில் பொருள் உங்களிடமே இருக்கும், அதன் மேல் கடன் கொடுத்தவருக்கு ஓர் உரிமை மட்டும் எழுதப்படும். ஆர்.சி. புத்தகத்தில் 'ஹெச்.பி.' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தப் பதிவுதான் இது. ஃபாரம் 34 கொடுத்துப் பதிவு செய்வார்கள், கடன் முடிந்ததும் ஃபாரம் 35 கொடுத்து நீக்குவார்கள். ஃபாரம் 35-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கடன் வாங்குபவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கே தெரியும்படி எழுதுவது முதல் வேலை. நல்ல ஒப்பந்தம் நிறுவனத்தையும் காப்பாற்றும்.

## புதுத் திட்டம் வரும்போது

விற்பனைப் பிரிவு தீபாவளிக்கு ஒரு திட்டத்தோடு வரும். "ஜீரோ வட்டி"னு பேனர் வைக்கலாமா? இதற்கு ஆமாம், இல்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. வட்டியை உண்மையிலேயே கம்பெனியோ டீலரோ ஏற்றுக்கொள்கிறார்களா, அல்லது பிராசசிங் கட்டணத்திலும் கொடுக்காத தள்ளுபடியிலும் ஒளித்து வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொன்னது. பேனரில் வரும் ஒவ்வொரு சொல்லும் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியாக வரலாம் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருப்பது எங்கள் வேலை.

செல்போன் ஆப் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். கடன் ஆப் ஒன்றை நிறுவியதும் தொடர்பு எண்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு, டியூ தவறியதும் நண்பர்களுக்கும் அத்தை மாமாவுக்கும் ஃபோன் போட்டு அவமானப்படுத்திய கும்பல்களால் உயிர்கள் போயிருக்கின்றன. 2022 செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் விதிகள் இதைத் தடுத்தன. தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைக் கடன் ஆப் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளரைச் சேர்க்கும் வேலைக்காக, சம்மதத்தோடு, ஒருமுறை பயன்படுத்தலாம். எங்களுக்கு ஆப் எழுதித் தந்த ஆட்கள், "எல்லா ஆப்லயும் இந்த பெர்மிஷன் இருக்கு சார், டீஃபால்ட்டா வந்துடும்" என்றார்கள். டீஃபால்ட்டாக வந்ததைத்தான் எடுக்கச் சொல்கிறோம் என்றேன். எடுத்த பிறகே ஆப் வெளியே போனது.

தாமதக் கட்டணத்திலும் இப்படி ஒரு மாற்றம் வந்தது. முன்பு டியூ தவறினால் வட்டிக்கு மேல் 'பீனல் வட்டி' என்று ஒன்றைப் போட்டு, பல இடங்களில் அதையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை மாற்றியது. அபராதம் என்றால் அது கட்டணமாக மட்டுமே இருக்க வேண்டும், நியாயமான அளவில் இருக்க வேண்டும், அதன் மேல் வட்டி ஏறக் கூடாது. அபராதம் ஒழுங்குக்காகத்தான், வருமானத்துக்காக இல்லை என்பதே அதன் கருத்து. 2024 ஏப்ரல் 1 முதல் புதுக் கடன்களுக்கு இது வந்தது, பழைய கடன்களையும் அந்த ஜூன் கடைசிக்குள் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பத்தியை மாற்றி எழுதுவது அரை மணி நேர வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கடன்கள் அத்தனையிலும் அந்தப் பத்திக்குத் தகுந்தபடி மென்பொருள் கணக்குப் போடுகிறதா என்று பார்ப்பதற்கு மாதக்கணக்கில் ஆனது.

## டியூ தவறினால் என்ன நடக்கிறது

இங்கேதான் பயமும் வதந்தியும் அதிகம். நிதானமாகப் பார்ப்போம்.

கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அது சிவில் விவகாரம். ஆனால் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் அது குற்றமாகலாம். இப்போது பெரும்பாலும் செக் வாங்குவதில்லை, நாச் வாங்குகிறோம். நாச் என்பது மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து டியூவைத் தானாக எடுத்துக்கொள்ள நீங்கள் தரும் அனுமதி. "செக் இல்லையே, அப்ப கேஸ் கிடையாது" என்று நினைப்பவர்கள் உண்டு. 2007-ஆம் ஆண்டின் கட்டண முறைகள் சட்டத்தில் 25-வது பிரிவு, நாச் திரும்புவதையும் அதே போலத்தான் பார்க்கிறது.

நோட்டீஸ் எதற்கு? வங்கியிலிருந்து திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நிறுவனம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து உங்களுக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் 138 வழக்கு போடவே முடியாது. கட்டாவிட்டால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். ஆக, அந்தப் பழுப்புக் கவர் மிரட்டல் கடிதம் இல்லை. வழக்கைத் தவிர்க்கச் சட்டம் கொடுக்கும் கடைசி அவகாசம். "கதவு பூட்டியிருந்தது", "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதிய குறிப்போடு அவை திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அவகாசம்தான் வீணாகிறது.

அடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்புவது. 2007-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரகாஷ் கவுருக்கும் இடையிலான வழக்கில், வங்கிகள் அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்டப்படியான வழியில்தான் வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக ஃபோன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திட்டவட்டமாகச் சொன்னது. அடுத்த மாதமே ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் ஒரு டிராக்டரைக் கைப்பற்றப் போனபோது, விவசாயியின் கர்ப்பிணி மகள் அந்த டிராக்டரின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கடன் கொடுத்த நிறுவனம் வெளி ஏஜென்சிகள் மூலம் வசூலிப்பதையும் வாகனம் பறிமுதல் செய்வதையும் உடனே நிறுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அது எங்கள் நிறுவனம் இல்லை. ஆனால் ஏஜென்சி ஒப்பந்தம் எழுதிய யாருக்கும் அது தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது.

"அது ஏஜென்சி ஆள் செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்ல விதிகளில் இடமே இல்லை. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது. அதனால் சட்டப் பிரிவு ஏஜென்சி ஒப்பந்தத்தை எழுதுவதோடு நிற்கக் கூடாது. நாங்கள் மாதம் ஒரு நாள் வசூல் அழைப்புகளின் பதிவைக் கேட்கிறோம். ஒருமுறை ஒரு பையன், மரியாதையான குரலில், "நாளைக்குள்ள கட்டலேன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும்மா" என்றான். கத்தவில்லை, திட்டவில்லை. ஆனால் சொன்னது பொய். டியூ வசூலிக்கப் போலீஸ் வராது. விசாரித்தால், ஏஜென்சி கொடுத்த பயிற்சித் தாளிலேயே அந்த வரி இருந்தது. அந்தத் தாளை வாங்கி, வரிக்கு வரி நாங்களே மாற்றி எழுதிக் கொடுத்தோம்.

வண்டியை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கான வழி எழுதியிருக்க வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தச் சூழலில் முன்னறிவிப்பு இல்லாமல் எடுக்கலாம், எடுக்கும் முறை என்ன, விற்பதற்கு முன் பணம் கட்டி மீட்க ஒரு கடைசி வாய்ப்பு, மீட்டால் திருப்பித் தரும் முறை, ஏலம் விடும் முறை. இத்தனையும் இல்லாத 'சீசிங்' பிரிவு ரிசர்வ் வங்கி விதிக்கு முரண்.

வழக்கில் ஆர்பிட்ரேஷன் என்ற சொல்லும் அடிபடும். கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவரிடம் வழக்கை வைத்துத் தீர்ப்பு வாங்குவது அது. முன்பு நடுவரை நிறுவனமே நியமித்துக்கொள்ளும். விளையாடும் ஒரு டீமே அம்பயரைக் கூட்டி வந்தால் எப்படி? 2019-இல் உச்ச நீதிமன்றம், வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ள ஒருவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு எல்லாரும் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை மாற்ற வேண்டி வந்தது. சிறு தொகைகளுக்கு லோக் அதாலத், அதாவது இரு தரப்பும் பேசிச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம், இதைவிட நல்ல வழி. அங்கே ஒப்புக்கொண்டது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

சுருங்கச் சொன்னால்: நோட்டீஸ் ஓர் அவகாசம், வசூலுக்கு நேரமும் வரம்பும் உண்டு, ஏஜென்சியின் தவறு நிறுவனத்தின் தவறு.

## 'முடியாது' என்று சொல்லும் நாள்

சட்டப் பிரிவின் சம்பளத்தைக் கொடுப்பது அதே நிறுவனம்தான். அதனால் 'முடியாது' என்று சொல்வது எளிதில்லை. "பக்கத்துக் கம்பெனி செய்யுதே" என்பார்கள். 2024 அக்டோபரில் நான்கு என்.பி.எஃப்.சி.-க்கள் புதிதாகக் கடன் அனுமதிப்பதையும் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. காரணங்களில் முதன்மையானது அளவுக்கு மீறிய வட்டி. கடன் கொடுக்கும் தொழிலில் கடன் கொடுக்கக் கூடாது என்பதைவிடப் பெரிய தண்டனை ஏது? அதற்குப் பிறகு 'பக்கத்துக் கம்பெனி' வாதம் எங்கள் கூட்டங்களில் குறைந்திருக்கிறது.

வெறுமனே 'முடியாது' என்று சொல்லிவிட்டு எழுந்து வரும் சட்ட அலுவலரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அது நியாயமும்கூட. இப்படி முடியாது, ஆனால் இப்படி முடியும் என்று மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சட்டப் புத்தகத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

## புகார்கள் சொல்லிக் கொடுப்பது

நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்புட்ஸ்மேன் என்று சொல்கிறோமே, அவர்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் உங்கள் பதிவு தவறாக இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் திருத்தவில்லை என்றால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடனை முழுசாகக் கட்டிய பிறகு 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவு செய்த உரிமையையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய். இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் கடைசி விதியில்தான் ஃபாரம் 35 வருகிறது. ஒருவர் கடனை முடித்து ஏழு மாதம் ஆகியும் அவர் ஆர்.சி.-யில் ஹெச்.பி. நீங்கவில்லை. மனைவியின் மருத்துவச் செலவுக்கு வண்டியை விற்கப் போனபோதுதான் அது தெரிந்திருக்கிறது. கோபமாக எழுதியிருந்தார். தேடிப் பார்த்தால், கடன் பாக்கி இல்லை என்று நாங்கள் தரும் என்.ஓ.சி.-யும் ஃபாரம் 35-ம் சரியான நாளில் கூரியரில் போயிருக்கின்றன, கடன் விண்ணப்பத்தில் இருந்த முகவரிக்கு. அவர் அந்த வாடகை வீட்டைக் காலி செய்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கவர் எங்களிடமே திரும்பி வந்து ஒரு பீரோவில் கிடந்தது. அனுப்பியாகிவிட்டது என்று கம்ப்யூட்டரில் பச்சைக் குறி.

அன்று மாலையே அவருக்கு ஆள் மூலம் காகிதத்தைக் கொடுத்தனுப்பினோம். அந்த பீரோவில் அது ஒரு கவர் மட்டும் இல்லை. மறுநாள் நானும் ஜூனியர் ஒருத்தியும் உட்கார்ந்து, கவர் கவராக எடுத்து ஃபோன் போட ஆரம்பித்தோம். இப்போது கடைசி டியூவுக்கு முந்தின மாதம் போகும் குறுஞ்செய்தியில் ஒரு வரி கூடியிருக்கிறது: "உங்கள் இப்போதைய முகவரி இதுதானா?"